கருத்தரங்குக்குப் பணம் கட்டும் முன்

தொழில் நடத்தக் கற்றுத் தருகிறோம், பொருளாதாரம் புரியவைக்கிறோம் என்று நடக்கும் கருத்தரங்குகளுக்குப் போகலாமா என்று பலர் என்னிடம் கேட்கிறார்கள். போகலாம் என்றுதான் சொல்வேன். இன்று நான் தொழிலில் கணக்குப் பார்க்கிற விதத்தில் பெரும்பகுதி கருத்தரங்குகளில் உட்கார்ந்து கற்றது. ஆனால் அந்த நல்ல கருத்தரங்குகளுக்கு வந்து சேர்வதற்குள் நான் இழந்த பணமும் தூக்கமும் கொஞ்சநஞ்சமல்ல. அந்தச் சமயத்தில் ஒரே ஒருவர் என்னை உட்காரவைத்து, "இதைக் கேள், இதைப் பார், இதற்கு முன்னால் கையெழுத்துப் போடாதே" என்று சொல்லியிருந்தால் போதும். யாரும் சொல்லவில்லை. அதனால் நடந்ததை முதலிலிருந்து எழுதுகிறேன்.

நான் அட்டைப் பெட்டி செய்யும் சிறிய பட்டறை நடத்துகிறேன். க்ராஃப்ட் காகிதத்தை ரீலாக வாங்கி, நெளிவு அட்டையாக்கி, வாடிக்கையாளர் கேட்கும் அளவில் பெட்டியாகக் கொடுப்பதுதான் வேலை. ஒரு கட்டத்தில் ஆர்டர் நன்றாக வரத் தொடங்கியது. புது மெஷின்கூடப் போட்டோம். ஆனால் வேலை கூடக் கூடக் கையில் பணம் குறைந்துகொண்டே போனது. மாதக் கடைசியில் சம்பளம் போடுவதற்குள் நெஞ்சு படபடக்கும். ஆடிட்டரிடம் கேட்டால், "நல்ல லாபத்தில்தானே இருக்கீங்க மேடம்" என்பார். ஏட்டில் லாபம், வங்கிக் கணக்கில் ஒன்றுமில்லை. எங்கேயோ எனக்குத் தெரியாமல் பணம் கசிகிறது என்று நினைத்துக்கொண்டு இரவெல்லாம் பில்களைப் புரட்டிக்கொண்டிருப்பேன். இதை யாரிடம் கேட்பது என்றும் தெரியவில்லை. வேலை செய்பவர்களிடம் சொன்னால் பயந்துவிடுவார்கள், வாடிக்கையாளரிடம் சொன்னால் ஆர்டரை வேறு இடத்துக்குக் கொடுத்துவிடுவார். அப்படி இருந்தபோதுதான் போனில் அந்த விளம்பரம் வந்தது. மூன்று மணி நேரக் கருத்தரங்கு, அனுமதி இலவசம், "உங்கள் தொழில் ஏன் வளரவில்லை என்று ஒரே நாளில் கண்டுபிடியுங்கள்."

பெரிய ஓட்டல் ஒன்றின் விழா அரங்கில் நடந்தது. உள்ளே நுழைந்ததுமே ஏசி குளிரும் காதைப் பிளக்கும் பாட்டும். ஒரே நிற டி-சர்ட் போட்ட இளைஞர்கள் வரிசைக்கு வரிசை நின்றார்கள். பேச்சாளர் வந்ததும் எல்லோரையும் எழுந்து நிற்கச் சொன்னார், பக்கத்தில் இருப்பவர் கையைத் தட்டச் சொன்னார், "உங்களுக்கு வளரணுமா?" என்று கேட்டு "ஆமாம்" என்று கத்தவைத்தார். கையில் ஒன்றுமில்லாமல் தொடங்கி மேலே வந்த தன்னுடைய கதையைத்தான் பாதி நேரத்துக்கு மேல் சொன்னார். கதை நன்றாகத்தான் இருந்தது, நானும் கண்கலங்கிக் கேட்டேன். நடுவில் என் பக்கத்தில் இருந்த பெண் எழுந்து, "சார், என் கடையில சரக்கு தேங்கிப்போகுது, அதுக்கு என்ன பண்றது?" என்று கேட்டார். "அருமையான கேள்வி, அதுக்குத்தான் மூணு நாள் முகாம்ல ஒரு முழு செஷன் வச்சிருக்கேன்" என்று சொல்லிவிட்டு அவர் அடுத்த ஆளுக்கு நகர்ந்தார். கையை நீட்டியபடியே அந்தப் பெண் கொஞ்ச நேரம் நின்றுகொண்டிருந்தார்.

கடைசி அரை மணி நேரம் முகாமின் விலை. திரையில் ஒரு தொகை வந்தது, அது அடிக்கப்பட்டு அதைவிடக் குறைந்த தொகை வந்தது, அதுவும் அடிக்கப்பட்டு இன்னொன்று. இந்த விலை இன்றைக்கு மட்டும், முதலில் வரும் சிலருக்கு மட்டும் என்றார். பின்னால் மேஜைகளில் கார்டு மெஷின்கள் தயாராக இருந்தன. டி-சர்ட் போட்ட பையன் ஒருவன் குனிந்து மெதுவாகச் சொன்னான்: "மேடம், யோசிக்கிறவங்க வீட்டுக்குப் போய் யோசிச்சுக்கிட்டே இருப்பாங்க. முடிவெடுக்கிறவங்க இந்நேரம் வரிசையில நிக்கிறாங்க பாருங்க." வரிசை உண்மையிலேயே நீளமாக இருந்தது. கார்டைக் கொடுத்தேன்.

அந்த அரங்கில் நடந்த எதுவுமே தற்செயல் இல்லை என்று பிறகுதான் படித்துத் தெரிந்துகொண்டேன். மனிதர்களை இணங்கவைக்கும் வழிகளை உளவியலாளர் ராபர்ட் சியால்டினி 1984-லேயே வகை பிரித்து எழுதிவிட்டார். சின்னச் சின்ன "ஆமாம்"களை முதலில் வாங்கிவிட்டால் பெரிய "ஆமாம்" எளிதாக வரும். மற்றவர்கள் செய்வதைப் பார்த்தால் நாமும் செய்வோம். கிடைக்காமல் போய்விடும் என்றால் அதன் மேல் ஆசை கூடும். எழுந்து கத்தவைத்தது, வரிசையைக் காட்டியது, "இன்றைக்கு மட்டும்" என்றது எல்லாமே இவைதான். எனவே நான் சொல்லும் முதல் விஷயம்: அரங்கத்துக்குள் பணம் கட்டாதீர்கள். "விலையையும் விதிமுறைகளையும் எழுத்தில் அனுப்புங்கள், நாளை சொல்கிறேன்" என்று சொல்லுங்கள். நல்ல நிகழ்ச்சி நடத்துபவர் சரி என்று அனுப்பிவிடுவார். நாளைக்கு அந்த விலை கிடையாது என்று ஒருவர் சொன்னால், அவர் உங்களுக்கு யோசிக்க நேரம் தர விரும்பவில்லை என்று அர்த்தம். கார்டை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போவது இன்னும் நல்லது. நான் இப்போதும் அப்படித்தான் செய்கிறேன்.

முகாமைப் பற்றி அதிகம் எழுத ஒன்றுமில்லை. இலக்கை எழுதி சுவரில் ஒட்டினோம், கண்ணை மூடி ஐந்து வருடம் கழித்து நம் தொழில் எப்படி இருக்கும் என்று பார்த்தோம். மூன்று நாளில் ஒருமுறைகூட ஒருவருடைய கணக்குப் புத்தகமும் திறக்கப்படவில்லை. தொழில் அறிவுரை என்று கிடைத்தவை இரண்டு. விற்பனையை 90 நாளில் இரட்டிப்பாக்கு. தள்ளுபடி கொடுத்துப் புது வாடிக்கையாளரைப் பிடி. இந்த இரண்டும் என் பட்டறைக்கு எவ்வளவு பெரிய விஷம் என்பது அப்போது எனக்குத் தெரியாது. கீழே சொல்கிறேன். இரண்டாம் நாள் மாலை, ஓராண்டுத் தனிப்பட்ட வழிகாட்டல் என்று அடுத்த படியை விற்கத் தொடங்கினார்கள். கையில் பணம் இல்லை என்றவர்களிடம், கார்டு நிறுவனத்தை இப்போதே அழைத்து வரம்பை உயர்த்தச் சொல்லுங்கள் என்றார்கள். இலவசத்தில் தொடங்கிப் படிப்படியாக மேலே ஏற்றும் இந்த முறை உலகம் முழுக்க ஒன்றுதான். அமெரிக்காவில் டிரம்ப் பல்கலைக்கழகம் என்ற பெயரில் நடந்த ரியல் எஸ்டேட் கருத்தரங்குகளிலும் முதலில் இலவச அறிமுகம், பிறகு 1,495 டாலருக்கு மூன்று நாள் வகுப்பு, அதற்கு மேல் ஏறக்குறைய 35,000 டாலர் வரை வழிகாட்டல் என்றுதான் படிகள் இருந்தன. அதில் சேர்ந்தவர்கள் ஏமாற்றப்பட்டதாகத் தொடுக்கப்பட்ட வழக்குகள் 2016-ல் 25 மில்லியன் டாலருக்குச் சமரசமாயின. தவறை ஒப்புக்கொள்ளாமலே சமரசம் செய்துகொண்டார்கள். அந்தப் படிகளைப் பற்றிப் படித்தபோது என் முகாமின் அட்டவணையைப் படிப்பது போலவே இருந்தது.

வழிகாட்டலுக்கு நான் முன்பணம் கட்டினேன். முகாம் கட்டணமும் முன்பணமும் சேர்ந்தால், ஒரு லோடு காகிதம் வாங்க நான் ஒதுக்கிவைத்திருந்த பணம். அதன் விளைவு அடுத்த மாதமே வந்தது. காகிதம் எடுக்க முடியாமல் ஒரு ஆர்டர் தாமதமானது, நெடுநாளாக எங்களிடம் வாங்கிக்கொண்டிருந்த ஒரு வாடிக்கையாளர் போய்விட்டார். திரும்ப வரவில்லை. வழிகாட்டல் என்று வந்தது வாரம் ஒரு போன், அதுவும் ஒவ்வொரு தடவையும் வேறு வேறு ஆள். "உங்க மனநிலைதான் மேடம் தடை" என்றார் ஒருவர். சம்பளம் போடப் பணமில்லாமல் நிற்பவளிடம் மனநிலை என்று சொன்னால் எவ்வளவு கோபம் வரும்! கோபத்தைவிட வெட்கம் அதிகமாக இருந்தது. வீட்டில் சொல்லவில்லை, நண்பர்களிடமும் சொல்லவில்லை. இப்படி ஏமாந்தவர்கள் வெளியில் சொல்லாமல் இருப்பதுதான் அடுத்த ஊர் அரங்கத்தையும் நிரப்புகிறது என்பது என் கருத்து. அதனால்தான் இப்போது எல்லாவற்றையும் சொல்கிறேன்.

பணத்தைத் திரும்பக் கேட்ட கதை அரை வருடம் ஓடியது. முதல் பதிலே, நான் கையெழுத்திட்ட படிவத்தின் பின்பக்கத்தைப் படம் எடுத்து அனுப்பியதுதான். முதல் அமர்வு தொடங்கிவிட்டால் பணம் திரும்பத் தரப்படாது என்று பொடி எழுத்தில் இருந்தது. அன்று அந்த அரங்கில் படிவத்தைத் திருப்பிப் பார்க்க யாருக்கும் நேரம் கொடுக்கப்படவில்லை. கார்டில் கட்டியதால், பணத்தைத் திரும்பக் கேட்டு வங்கியில் தகராறு பதிவு செய்ய முடியும் என்று அப்புறம்தான் தெரிந்தது. விசா, மாஸ்டர்கார்டு போன்றவற்றில் பெரும்பாலான தகராறுகளுக்குப் பொதுவாக 120 நாள் கெடு. நிறுவனத்துக்கு மின்னஞ்சல் எழுதி எழுதிக் காத்திருந்ததில் அதில் பெரும்பகுதி ஓடிவிட்டது. "பரிசீலனையில் இருக்கிறது" என்று மாதக்கணக்கில் அவர்கள் பதில் எழுதுவது அதற்காகத்தானோ என்று இன்றும் எனக்குச் சந்தேகம் உண்டு. எனக்கு முக்கியமாக உதவிய ஆதாரங்கள் இரண்டு. "வாரம் ஒரு மணி நேரம் மூத்த வழிகாட்டியுடன்" என்று எழுதியிருந்த விளம்பரத்தின் ஸ்கிரீன்ஷாட். வந்த அழைப்புகள் ஒவ்வொன்றும் எத்தனை நிமிடம் என்று காட்டிய போன் பதிவு. ஏமாற்றிவிட்டார்கள் என்று பொதுவாக எழுதினால் வங்கிக்கு அதை வைத்து ஒன்றும் செய்ய முடியாது. சொன்னது இது, கொடுத்தது இது என்று பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினால் அவர்களால் பார்க்க முடியும். முன்பணத்தில் ஒரு பகுதி திரும்பி வந்தது. முகாம் கட்டணம் போனது போனதுதான்.

சில நாடுகளில் சட்டமே இதற்கு வழி வைத்திருக்கிறது. ஓட்டல் அறை, கண்காட்சி அரங்கு போன்ற தற்காலிக இடங்களில் நடக்கும் விற்பனையை மூன்று வேலை நாளுக்குள் ரத்து செய்யலாம் என்று அமெரிக்காவில் விதி இருக்கிறது, சில விலக்குகளோடு. ஐரோப்பிய ஒன்றியத்தில் கடைக்கு வெளியே செய்யும் ஒப்பந்தங்களுக்குப் பொதுவாக 14 நாள் அவகாசம். நீங்கள் இருக்கும் இடத்தில் இப்படி ஏதாவது உண்டா என்று பணம் கட்டும் முன்பே பார்த்துவையுங்கள். கட்டிய பிறகு தேடினால், படித்து முடிப்பதற்குள் நாள் கடந்துவிடும்.

இவ்வளவு மோசமான ஒன்று எப்படி வருடக்கணக்கில் ஓடுகிறது என்று நெடுநாள் எனக்குப் புரியவில்லை. பின்னால் ஒரு நல்ல கருத்தரங்கில்தான் பதில் கிடைத்தது. பிலிப் நெல்சன் என்ற பொருளாதார அறிஞர் 1970-ல் பொருட்களை இரண்டாகப் பிரித்தார்: வாங்கும் முன்பே பார்த்துத் தரம் அறியக்கூடியவை, பயன்படுத்திப் பார்த்தால்தான் தெரிபவை. 1973-ல் மைக்கேல் டார்பி, எடி கார்னி இருவரும் மூன்றாவதாக ஒன்றைச் சேர்த்தார்கள். பயன்படுத்திய பிறகும் தரம் இதுதான் என்று வாங்கியவரால் உறுதியாகச் சொல்ல முடியாதவை. ஊக்கமூட்டும் தொழில் முகாம் இந்த மூன்றாவது வகை. தொழில் தேறினால் முகாமால் என்பார்கள், தேறாவிட்டால் நீங்கள் சரியாகக் கடைப்பிடிக்கவில்லை என்பார்கள். எந்தப் பக்கம் விழுந்தாலும் குறை முகாமின் மேல் வராது. இதைக் கேட்டபோது மனதில் பெரிய பாரம் இறங்கியது. அப்போது ஒரு விதியும் வைத்துக்கொண்டேன். ஒரு கருத்தரங்கு முடிந்து மூன்று மாதம் கழித்து எந்த எண் மாறியிருக்க வேண்டும் என்று அதை நடத்துபவரால் முன்கூட்டியே சொல்ல முடிகிறதா என்று கேட்பேன். "தன்னம்பிக்கை கூடும்" என்றால் வேண்டாம். "பாக்கி வசூலாகும் நாட்கள் குறைய வேண்டும்" என்றால் போவேன்.

நல்ல கருத்தரங்கைக் காட்டியது எங்களுக்குக் காகிதம் கொடுக்கும் வியாபாரி. எங்கள் தொழில் சங்கம் உறுப்பினர்களுக்காக ஒரு அரைநாள் பயிற்சி நடத்துகிறது, போய்ப் பாருங்கள் என்றார். கட்டணம் பெயருக்குத்தான். போகவே மனமில்லை, இனி எந்த அரங்கத்திலும் கால் வைப்பதில்லை என்றிருந்தேன். ஆனால் அழைப்பிதழில் இருந்த ஒரு வரி என்னைப் போகவைத்தது. "கடந்த 12 மாத வங்கி ஸ்டேட்மெண்ட், கால்குலேட்டர் கொண்டுவரவும்." முந்தைய முகாமில் கொண்டுவரச் சொன்னது திறந்த மனசை.

அங்கே பாட்டு இல்லை, திரை இல்லை. ஒரு வெள்ளைப் பலகை, வங்கியில் கடன் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஒருவர், பள்ளி பெஞ்சு போல நீள மேஜைகள். ஒவ்வொரு மேஜையாக வந்தார். என் ஸ்டேட்மெண்ட்டை எடுத்துப் பார்த்து, ஒரு வரியில் விரலை வைத்து, "இந்த மாசம்தான் உங்களுக்குப் பெரிய ஆர்டர் வந்திருக்கணும், சரியாம்மா?" என்றார். எப்படித் தெரியும் என்று கேட்டேன். "அதுக்கு அடுத்த ரெண்டு மாசமும் பேலன்ஸ் தரையைத் தொட்டிருக்கே" என்றார். சம்பளத்துக்கு நான் அலைந்த மாதங்கள் அவை. ஆர்டர் வராத மாதத்தில்தான் பணம் குறையும் என்று நினைத்துக்கொண்டிருந்த எனக்கு, ஆர்டர் வந்ததால் குறைந்தது என்று சொன்ன முதல் ஆள் அவர்.

பிறகு பலகையில் என் கணக்கையே போட்டார். காகிதம் கிடங்கில் கிடப்பதும் பெட்டியாகி வெளியே போவதும் சேர்த்து 30 நாள். வாடிக்கையாளர் பணம் தர 75 நாள். மொத்தம் 105. காகித வியாபாரி எனக்குத் தரும் கடன் 30 நாள். 105-ல் 30 போனால் 75 நாள் இடைவெளி. அந்த 75 நாளுக்கும் என் பணம்தான் உள்ளே கிடக்க வேண்டும். ஒரு நாள் செலவு 100 என்று வைத்தால் 7,500 எப்போதும் முடங்கிக் கிடக்கும். விற்பனை இரட்டிப்பானால் முடங்குவது 15,000. அந்தக் கூடுதல் 7,500, லாபம் கைக்கு வருவதற்கு முன்னாலேயே தேவைப்படும். எனக்குத் தெரியாமல் எங்கேயோ கசிகிறது என்று நான் இரவெல்லாம் தேடிய பணம் இதுதான். யாரும் திருடவில்லை. வாடிக்கையாளர்களின் பாக்கியாக வெளியே நின்றுகொண்டிருந்தது. விற்பனையை 90 நாளில் இரட்டிப்பாக்கு என்ற அறிவுரையை நான் முழுமூச்சாகக் கடைப்பிடித்திருந்தால் பட்டறையை மூட வேண்டியிருந்திருக்கும். லாபத்தில் ஓடும் தொழில்கூட ரொக்கம் இல்லாமல் படுத்துவிடும் என்பது அந்த மேஜையில் உட்கார்ந்து புரிந்தது.

அடுத்தது தள்ளுபடி. 100-க்கு அடக்கமாகும் பொருளை 125-க்கு விற்கிறோம். 25 சதவீத லாபம் என்று நாம் சொல்லிக்கொள்வோம், ஆனால் விற்ற விலையில் பார்த்தால் அது 20 சதவீதம்தான். இதில் 10 சதவீதம் தள்ளுபடி கொடுத்தால் விலை 112.50. லாபம் 25-லிருந்து 12.50. அதாவது பத்து சதவீதம் என்று வாயில் சாதாரணமாகச் சொல்வது லாபத்தில் சரிபாதி. பழைய லாபத்தை எடுக்க இரண்டு மடங்கு பெட்டி செய்து விற்க வேண்டும், இரண்டு மடங்கு காகிதம் வாங்க வேண்டும், மேலே சொன்ன இடைவெளியும் பெருகும். வகுப்பில் ஒருவர் அந்தக் கணக்கை இரண்டு முறை போட்டுப் பார்த்துவிட்டுக் கால்குலேட்டரையே சந்தேகப்பட்டார்.

இன்னொரு அமர்வில் வட்டி. ஃபிளாட் ரேட் 12 சதவீதம் என்று ஓராண்டுக்குக் கடன் வாங்கி மாதத் தவணையில் கட்டினால், அசல் மாதாமாதம் குறைந்துகொண்டே வரும்போதும் முழு அசலுக்கும் வட்டி கட்டுகிறோம். குறையும் அசலுக்கு வட்டி போடும் கணக்கில் பார்த்தால் அது ஏறக்குறைய 21.5 சதவீதம். அதேபோல, 30 நாள் கடனில் சரக்கு கொடுப்பவர் "10 நாளில் கட்டினால் 2 சதவீதம் தள்ளுபடி" என்றால் நாம் அதைப் பெரிதாக மதிப்பதில்லை. ஆனால் அதை விடுவது, 100-க்கான பில்லில் 98-ஐ 20 நாள் வைத்துக்கொள்ள 2 வட்டி கட்டுவதற்குச் சமம். ஆண்டுக்கு எளிய வட்டியாகப் போட்டாலே 37 சதவீதத்தைத் தொடும். வங்கி ஓவர்டிராஃப்ட் (கணக்கில் இருப்பதற்கு மேல் எடுக்க வங்கி தரும் கடன்) அதைவிடக் குறைந்த வட்டியில் கிடைத்தால், அதில் எடுத்து முதலில் காகிதத்துக்குக் கட்டுவதுதான் லாபம். எங்கள் காகித வியாபாரியின் பில்லில் இந்த வரி பல வருடமாக அச்சாகிக்கொண்டுதான் இருந்தது.

நாட்டுப் பொருளாதாரம், உலகப் பொருளாதாரம் என்றால் செய்தி வாசிப்பவர்களின் விஷயம் என்று நினைத்திருந்தேன். அதையும் ஒரு கருத்தரங்குதான் மாற்றியது. மூலப்பொருள் விலை பற்றிய ஒருநாள் நிகழ்ச்சி அது. பேசியவர் பழைய காகிதம் இறக்குமதி செய்பவர். பல நாடுகளிலிருந்து கழிவுக் காகிதத்தை வாங்கிக் குவித்துக்கொண்டிருந்த சீனா, 2018 முதல் பிரிக்கப்படாத கலப்புக் காகிதத்துக்குத் தடை போட்டது, 2021 ஜனவரி முதல் திடக்கழிவு இறக்குமதியையே நிறுத்தியது. தடை வந்ததும் மற்ற இடங்களில் பழைய காகிதம் தேங்கி விலை விழுந்தது. ஆனால் சீன ஆலைகளுக்கு நார் வேண்டுமே? அவை மறுசுழற்சிக் கூழையும் தயார் காகிதத்தையும் வெளியிலிருந்து வாங்கத் தொடங்கின. பழைய காகிதம் மலிந்தும் க்ராஃப்ட் விலை நாம் எதிர்பார்த்தபடி இறங்காமல் போகலாம் என்பதற்கு அது ஒரு காரணம் என்று விளக்கினார். 2021 மார்ச்சில் சூயஸ் கால்வாயில் எவர் கிவன் கப்பல் ஆறு நாள் குறுக்கே நின்றதையும், ஏற்கெனவே கண்டெய்னர் தட்டுப்பாடு இருந்த அந்தச் சமயத்தில் அது சரக்குக் கட்டணத்தில் எப்படிச் சேர்ந்துகொண்டது என்பதையும் தேதி போட்டுக் காட்டினார். அடுத்த வருடம் விலை எப்படி இருக்கும் என்று ஒருவர் கேட்டதற்கு, "எனக்குத் தெரியாதுங்க. தெரியும்னு சொல்றவங்கிட்ட அவங்க சொந்தக் காசுல எவ்வளவு ஸ்டாக் வச்சிருக்காங்கன்னு கேளுங்க" என்றார். அந்தப் பதிலுக்காகவே அவர் பேசும் எந்த நிகழ்ச்சிக்கும் நான் போவேன். அன்று வந்த பிறகு, நீண்டகால ஆர்டர்களில் காகித விலை ஒரு அளவுக்கு மேல் ஏறினால் பெட்டி விலையும் ஏறும் என்ற ஷரத்தைச் சேர்த்தோம். முதலில் முகம் சுளித்த வாடிக்கையாளர்கள், இறங்கினால் குறைப்போம் என்றும் எழுதியதும் ஒத்துக்கொண்டார்கள்.

இப்போது ஒரு கருத்தரங்கைத் தேர்ந்தெடுக்கும்போது நான் முதலில் பார்ப்பது பேசுபவருக்குச் சோறு போடுவது எது என்பதை. கடன் கொடுத்தவர், ஆலை நடத்துபவர், இறக்குமதி செய்பவர், கணக்குத் தணிக்கை செய்பவர் என்றால் அவருக்கு அந்த வேலையில் வருமானம் இருக்கிறது, அனுபவத்தைச் சொல்ல வருகிறார். கருத்தரங்கு நடத்துவது மட்டுமே தொழில் என்றால், அவர் வெற்றிகரமாக நடத்திக் காட்டிய தொழில் கருத்தரங்குதான். பெட்டிக் கம்பெனியோ துணிக்கடையோ அல்ல. அடுத்து, மணிவாரியான நிரல் கேட்பேன். "தலைமைப் பண்பு", "வளர்ச்சி ரகசியம்" என்று தலைப்பு இருந்தால் உள்ளே என்ன கணக்கு போடுவார்கள் என்று போனிலேயே கேட்டுவிடுவேன். ஏற்கெனவே போனவர்களிடம் பேச வேண்டும் என்றால் அவர்கள் ஒரு பெயர் தருவார்கள், அந்தப் பெயர் வேண்டாம். ஒரு வருடத்துக்கு முன் கலந்துகொண்ட, உங்களைப் போன்ற தொழில் செய்யும் ஒருவரை நீங்களே தேடிப் பிடியுங்கள். நிகழ்ச்சி முடிந்த மறுநாள் எல்லோரும் உற்சாகத்தில்தான் இருப்பார்கள், ஒரு வருடம் கழித்துச் சொல்வதுதான் கணக்கு. கட்டணத்தோடு, நீங்கள் பட்டறையில் இல்லாத நாளின் இழப்பையும் கூட்டிப் பாருங்கள். எனக்கு மூன்று நாள் முகாமில் அது சின்னத் தொகையாக இருக்கவில்லை.

பணம் கட்டித்தான் எல்லாம் கற்க வேண்டும் என்றும் இல்லை. அடிப்படைப் பொருளாதாரமும் கணக்கியலும் இலவசமாகவே கிடைக்கின்றன. மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகம் தன் பாடங்களை இணையத்தில் எல்லோருக்கும் திறந்துவிடுவதாக 2001-லேயே அறிவித்து, அப்படியே செய்தும் வருகிறது. அங்கே ஒரு பாடத்தைப் பாதி படித்துவிட்டுப் போனாலே கருத்தரங்கில் கேட்கும் கேள்வி வேறு தரத்தில் இருக்கும். நேரில் போவதன் பலன், உங்கள் தொழிலின் எண்ணை அனுபவப்பட்ட ஒருவர் பார்த்துச் சொல்வதில்தான் இருக்கிறது. அதனால் கூச்சப்படாமல் உங்கள் எண்களோடு போங்கள். வாடிக்கையாளர் பெயர்களை மறைத்துவிட்டு எண்ணை மட்டும் காட்டலாம். இடைவேளையில் பக்கத்து மேஜைக்காரரிடம் பேசுங்கள். 75 நாள் கடனை 45 நாளாகக் குறைப்பது எப்படி என்று எனக்குச் சொன்னவர் பேச்சாளர் அல்ல, மருந்து பாட்டில் மூடி செய்யும் ஒருவர். எல்லா வாடிக்கையாளரிடமும் ஒரேயடியாகக் கேட்காதீர்கள், புது ஆர்டர் பேசும்போது மட்டும் கேளுங்கள், பில்லை மாதக் கடைசிக்குச் சேர்த்துவைக்காமல் சரக்கு போன அன்றே அனுப்புங்கள் என்றார். பில் அன்றன்றைக்குப் போகத் தொடங்கியதுமே சில நாட்கள் மிச்சமாயின.

இதைப் படிக்கும்போது ஏற்கெனவே ஏதோ முகாமுக்குப் பணம் கட்டிவிட்டு உள்ளுக்குள் புழுங்கிக்கொண்டிருப்பவர்கள் இருந்தால், இன்றைக்கே செய்ய வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன். விளம்பரம் அழிக்கப்படும் முன் ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். கையெழுத்திட்ட படிவத்தின் இரண்டு பக்கத்தையும் படம் எடுங்கள், உங்களிடம் நகல் இல்லை என்றால் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். ரத்து செய்கிறேன் என்று தேதியோடு மின்னஞ்சல் அனுப்புங்கள், போனில் பேசியதை நம்பி விட்டுவிடாதீர்கள். பதிலுக்கு ஒரு வாரம் கெடு கொடுங்கள். அது தாண்டினால் அவர்கள் என்ன எழுதினாலும் காத்திருக்காமல், கார்டு கொடுத்த வங்கியில் தகராறு பதிவு செய்யுங்கள். அடுத்த படிக்குப் பணம் கட்டினால் முதல் படிக்குக் கட்டியதும் வீணாகாது என்று அழைப்பு வரும், கண்டிப்பாக வரும். எனக்கு வந்தது. போனை வைத்துவிடுங்கள். அப்புறம், வீட்டில் ஒருவரிடமாவது சொல்லுங்கள். நான் கடைசியில் சொன்னபோது அம்மா திட்டவில்லை. படிவத்தைக் கையில் வாங்கி, கண்ணாடி போட்டுக்கொண்டு, பின்பக்கம் முழுவதையும் உட்கார்ந்து படித்தார். முன்பணத்தைத் திரும்பப் பெற நான் வங்கியில் சுட்டிக்காட்டிய ஷரத்தைக் கண்டுபிடித்தது அவர்தான்.